பக்கமும் வெப்சாக்கெட்டும் ஒரே வாசலில்: என்ஜின்எக்ஸ் ரிவர்ஸ் புராக்ஸி அமைக்க முழுமையான வழிகாட்டி

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு சிறு மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்துக்கு டோக்கன் எண் காட்டும் திரை ஒன்றை அமைத்துக் கொடுத்தேன். மருத்துவர் அறையில் பொத்தானை அழுத்தியதும் வெளியே உள்ள திரையில் அடுத்த எண் மாற வேண்டும். அதற்காக வெப்சாக்கெட், அதாவது உலாவியும் சர்வரும் இணைப்பை அறுக்காமல் இரு பக்கமும் பேசிக்கொள்ளும் வழி. அதற்கு முன்னால், வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளை வாங்கிச் செயலிக்குக் கொடுக்கும் வாசலாக (இதுவே ரிவர்ஸ் புராக்ஸி) என்ஜின்எக்ஸ் என்ற வலை சர்வர். அலுவலகத்தில் சோதித்தபோது ஒரு குறையும் தென்படவில்லை. மருத்துவமனையில் மாட்டிய முதல் நாள் காலையிலேயே, மூன்றாம் எண்ணோடு திரை நின்றுவிட்டது. உள்ளே பதினோராவது நோயாளி போய்க்கொண்டிருக்க, வெளியே முதியவர்கள் சிலர் தங்கள் முறை இன்னும் வரவில்லை என்று நம்பிக் காத்திருந்தார்கள். செயலியின் நிரலில் பிழை இல்லை; புராக்ஸி அமைப்பில் நான் எழுதாமல் விட்ட ஒரு வரிதான் காரணம். அந்த வரி எது, அதைப் போல விட்டுப்போகக்கூடிய வேறு வரிகள் எவை என்பதைத் தொடக்கத்திலிருந்து முறையாகச் சொல்வதே இந்த வழிகாட்டியின் நோக்கம்.

உபுண்டு அல்லது டெபியன் இயங்கும் ஒரு சர்வரில், 3000 என்ற போர்ட்டில் உங்கள் செயலி ஓடுகிறது என்றும், அது சாதாரணப் பக்கங்களையும் ‘/டபிள்யூஎஸ்’ என்ற பாதையில் வெப்சாக்கெட்டையும் தருகிறது என்றும் வைத்துக்கொள்கிறேன். கட்டளைச் சொற்களை ஒலிபெயர்ப்பாகவே தந்திருக்கிறேன். கோப்பில் எழுதும்போது அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில், இங்கு காட்டியுள்ள அடிக்கோடுகளோடு தட்டச்சு செய்ய வேண்டும். கோரிக்கையோடு போகும் குறிப்பு வரிகளான ஹெடர்களின் பெயர்களுக்குப் பெரிய எழுத்து, சிற்றெழுத்து வேறுபாடு கிடையாது.

வெப்சாக்கெட் புராக்ஸியில் ஏன் தடுக்கி விழுகிறது

2011 டிசம்பரில் ஆர்எஃப்சி 6455 என்ற இணையத் தர ஆவணமாக வெளியான வெப்சாக்கெட் நெறிமுறை, ஒரு சாதாரண எச்டிடிபி கோரிக்கையாகத்தான் பிறக்கிறது. உலாவி ‘கெட்’ கோரிக்கை ஒன்றை அனுப்பும்போது அதில் ‘அப்கிரேட்: வெப்சாக்கெட்’, ‘கனெக்‌ஷன்: அப்கிரேட்’ என்ற இரு ஹெடர்களையும், 16 பைட் நீளமுள்ள தற்செயல் மதிப்பொன்றை பேஸ்64 வடிவில் மாற்றிய சாவியையும் சேர்த்து அனுப்புகிறது. சர்வர் சம்மதித்தால், அந்தச் சாவியிலிருந்து கணக்கிட்ட விடையோடு 101 என்ற நிலைக்குறியைத் திருப்பி அனுப்பும். அந்த நொடி முதல் அதே டிசிபி இணைப்பு எச்டிடிபியாக இருப்பதை விட்டுவிட்டு, இரு பக்கமும் நினைத்தபோது பேசக்கூடிய குழாயாக மாறிவிடுகிறது.

சிக்கல் அந்த இரு ஹெடர்களில் இருக்கிறது. எச்டிடிபியில் சில ஹெடர்கள் கடைசிவரை போய்ச் சேர வேண்டியவை. சில ஹெடர்கள் அடுத்த நிறுத்தம் வரைக்கும் மட்டுமே செல்லுபடியாகும். பேருந்துப் பயணச்சீட்டைப் போல, இறங்கி வேறு பேருந்தில் ஏறினால் புதிதாக வாங்க வேண்டியவை அவை. அப்கிரேட், கனெக்‌ஷன் இரண்டும் இந்த இரண்டாம் வகை. உலாவியிலிருந்து என்ஜின்எக்ஸுக்கு வந்ததும் அவற்றின் ஆயுள் முடிகிறது. அடுத்த கட்டத்துக்கு நாம்தான் புதிதாக எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதாவிட்டால் செயலிக்குப் போய்ச் சேருவது வெறும் ‘கெட்’ கோரிக்கைதான். செயலி 400 என்றோ 404 என்றோ 426 என்றோ ஒரு பிழைக்குறியைப் பதிலாகச் சொல்லிவிடும். பக்கம் அழகாகத் திறக்கும், உயிரோட்டம் மட்டும் இருக்காது. உலாவியிலேயே நிரல் எழுதி இயக்க உதவும் ஜூபிட்டர் நோட்புக்கைப் புராக்ஸிக்குப் பின்னால் வைத்தவர்கள் இதை உடனே அடையாளம் காண்பார்கள்: கோப்புகளின் பட்டியல் வரும், நோட்புக் திறக்கும், ஆனால் எந்தக் கட்டத்தை இயக்கினாலும் விடை வராது.

2004 இல் வெளியான என்ஜின்எக்ஸ், 2013 இன் தொடக்கத்தில் வந்த 1.3.13 பதிப்பிலிருந்து இந்தக் குழாய் மாற்றத்தை ஆதரிக்கிறது. இன்று கிடைக்கும் எந்தப் பதிப்பும் இந்த வழிகாட்டிக்குப் போதும்.

தொடங்கும் முன் உறுதி செய்ய வேண்டியவை

முதலில் செயலி எந்த முகவரியில் செவிமடுக்கிறது என்று பாருங்கள். ‘எஸ்எஸ் -டிஎல்என்பி’ என்ற கட்டளையை நிர்வாகி உரிமையோடு ஓட்டினால், 3000 என்ற போர்ட்டுக்கு முன்னால் 127.0.0.1 என்று, அதாவது அந்தச் சர்வருக்குள்ளிருந்து மட்டுமே எட்டக்கூடிய முகவரி, இருக்க வேண்டும். 0.0.0.0 என்று இருந்தால், புராக்ஸியைச் சுற்றிக்கொண்டு யார் வேண்டுமானாலும் நேரடியாக உங்கள் செயலியைத் தொட முடியும் என்று பொருள். செயலியின் அமைப்பில் அதை மாற்றிவிட்டுத்தான் மேலே செல்ல வேண்டும். தீச்சுவரில் 22, 80, 443 ஆகிய மூன்று போர்ட்டுகள் மட்டும் திறந்திருந்தால் போதும்.

அடுத்து, உங்கள் டொமைன் பெயர் சர்வரின் ஐபி முகவரிக்குச் சுட்டுகிறதா என்று சரிபார்த்துவிட்டு, ‘ஆப்ட் இன்ஸ்டால்’ வழியாக என்ஜின்எக்ஸை நிறுவுங்கள். அமைப்புக் கோப்பை ‘/இடிசி/என்ஜின்எக்ஸ்/சைட்ஸ்-அவைலபிள்’ அடைவில் உருவாக்கி, ‘சைட்ஸ்-எனேபிள்டு’ அடைவில் அதற்குக் குறியிணைப்பு கொடுக்க வேண்டும். அங்கே ஏற்கெனவே உள்ள ‘டிஃபால்ட்’ இணைப்பை நீக்கிவிடுவது நல்லது; டொமைன் பெயரை எழுதுவதில் பிழை நேர்ந்தால் அந்தக் கோப்பின் வரவேற்புப் பக்கம் வந்து நின்று குழப்பும்.

அமைப்புக் கோப்பு

முழுக் கோப்பையும் முதலில் காட்டிவிட்டு, பிறகு விளக்குகிறேன்.

மேப் $எச்டிடிபி_அப்கிரேட் $கனெக்‌ஷன்_அப்கிரேட் {
    டிஃபால்ட் அப்கிரேட்;
    '' க்ளோஸ்;
}

சர்வர் {
    லிசன் 80;
    சர்வர்_நேம் உங்கள்-டொமைன்;

    புராக்ஸி_எச்டிடிபி_வெர்ஷன் 1.1;
    புராக்ஸி_செட்_ஹெடர் ஹோஸ்ட் $ஹோஸ்ட்;
    புராக்ஸி_செட்_ஹெடர் எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் $புராக்ஸி_ஆட்_எக்ஸ்_ஃபார்வர்டட்_ஃபார்;
    புராக்ஸி_செட்_ஹெடர் எக்ஸ்-ஃபார்வர்டட்-புரோட்டோ $ஸ்கீம்;
    புராக்ஸி_செட்_ஹெடர் அப்கிரேட் $எச்டிடிபி_அப்கிரேட்;
    புராக்ஸி_செட்_ஹெடர் கனெக்‌ஷன் $கனெக்‌ஷன்_அப்கிரேட்;

    லொகேஷன் / {
        புராக்ஸி_பாஸ் எச்டிடிபி://127.0.0.1:3000;
    }

    லொகேஷன் /டபிள்யூஎஸ் {
        புராக்ஸி_பாஸ் எச்டிடிபி://127.0.0.1:3000;
        புராக்ஸி_ரீட்_டைம்அவுட் 300எஸ்;
    }
}

மேலே உள்ள ‘மேப்’ பகுதி ‘சர்வர்’ அடைப்புக்கு வெளியே இருப்பதைக் கவனியுங்கள். உள்ளே வைத்தால் என்ஜின்எக்ஸ் ஏற்காது. அதன் வேலை எளியது: வந்த கோரிக்கையில் அப்கிரேட் ஹெடர் இருந்தால் செயலிக்கு ‘கனெக்‌ஷன்: அப்கிரேட்’ என்று எழுதி அனுப்பு, இல்லாவிட்டால் ‘க்ளோஸ்’ என்று எழுது. இந்த மேப் இல்லாமல் எல்லாக் கோரிக்கைகளுக்கும் ‘அப்கிரேட்’ என்றே எழுதிவிடும் அமைப்புகளைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அது ஓடிவிடும். ஆனால் படம், ஸ்டைல் கோப்பு போன்ற சாதாரணக் கோரிக்கைகளிலும் பொய்யான ஹெடர் ஒன்றை ஒட்டி அனுப்புவது, நுணுக்கமாகச் சரிபார்க்கும் செயலிகளில் விளங்காத பிழைகளை உண்டாக்கும். நான்கு வரி அதிகமாக எழுதிவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

‘வெர்ஷன் 1.1’ வரி கட்டாயம் வேண்டும். அப்கிரேட் என்ற கருத்தே எச்டிடிபி 1.1 இல்தான் உண்டு. என்ஜின்எக்ஸோ பின்னால் உள்ள செயலியிடம் பேச நெடுங்காலமாக 1.0 ஐயே முன்னிருப்பாக வைத்திருந்தது. ஹோஸ்ட் வரியை விட்டுவிட்டால் செயலிக்கு உங்கள் டொமைன் பெயர் தெரியாமல், ‘127.0.0.1:3000’ என்பதே தன் பெயர் என்று எண்ணிக்கொண்டு இணைப்பு முகவரிகளை உருவாக்கும். புரோட்டோ வரி இல்லாவிட்டால், வெளியே டிஎல்எஸ் (எச்டிடிபிஎஸ் பயன்படுத்தும் மறைகுறியாக்கம்) இருப்பது செயலிக்குத் தெரியாது; எச்டிடிபிஎஸ் முகவரிக்குப் போ என்று அது மீண்டும் மீண்டும் திருப்பிவிட, உலாவி முடிவில்லாமல் சுற்றிக் களைத்துவிடும். 443 அல்லாத வேறு போர்ட்டில் தளத்தை வைத்திருப்பவர்கள் மட்டும் ‘$ஹோஸ்ட்’ என்பதற்குப் பதிலாக ‘$எச்டிடிபி_ஹோஸ்ட்’ என்று எழுத வேண்டும். முதலாவது போர்ட் எண்ணை உதிர்த்துவிடும், இரண்டாவது வைத்திருக்கும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. அனுபவசாலிகளையும் அது வீழ்த்துகிறது. ‘புராக்ஸி_செட்_ஹெடர்’ வரிகளை மேலே சர்வர் அளவில் எழுதினால், கீழே உள்ள லொகேஷன்கள் அவற்றை மரபாகப் பெறும். ஆனால் ஒரு லொகேஷனுக்குள் அதே கட்டளையை ஒரே ஒரு முறை எழுதினாலும், மேலிருந்து வர வேண்டிய எல்லா வரிகளும் அந்த இடத்தில் ரத்தாகிவிடும். ‘/டபிள்யூஎஸ்’ பகுதியில் அப்கிரேட் வரிகள் இரண்டை மட்டும் சேர்த்தவருக்கு, அந்தப் பாதையில் மட்டும் ஹோஸ்ட் தவறிப்போய், செயலியின் மூலமுகவரிச் சரிபார்ப்பு 403 என்று கதவை அடைக்கும். ஆகவே எல்லா ஹெடர் வரிகளையும் ஒரே மட்டத்தில் வையுங்கள்: எல்லாம் மேலே, அல்லது எல்லாம் உள்ளே.

இன்னொன்று, முகவரியின் கடைசிச் சாய்கோடு. ‘லொகேஷன் /செயலி/’ என்று எழுதி, புராக்ஸி_பாஸ் முகவரியின் முடிவில் ஒரு சாய்கோடு போட்டால், ‘/செயலி/’ என்ற முன்பகுதி வெட்டப்பட்டு மீதிப் பாதை மட்டும் பின்னால் போகும். சாய்கோடு இல்லாவிட்டால் முழுப் பாதையும் அப்படியே போகும். எது சரி என்பது உங்கள் செயலி எதை எதிர்பார்க்கிறது என்பதைப் பொறுத்தது. 404 வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

அறுபது விநாடி மௌனம்

மருத்துவமனைத் திரைக்கு வருகிறேன். ‘புராக்ஸி_ரீட்_டைம்அவுட்’ என்பதன் முன்னிருப்பு மதிப்பு 60 விநாடி. முழு இணைப்பின் ஆயுளை அது அளப்பதில்லை. செயலியிடமிருந்து வந்த ஒரு தரவுக்கும் அடுத்த தரவுக்கும் இடையே உள்ள மௌனத்தையே அளக்கிறது. சாதாரணப் பக்கத்துக்கு அது தாராளம். வெப்சாக்கெட்டுக்கோ, ஒரு நிமிடம் செயலி ஒன்றும் பேசாவிட்டால் என்ஜின்எக்ஸ் இணைப்பை அறுத்துவிடும். அலுவலகத்தில் சோதித்தபோது நாங்கள் விடாமல் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தோம். ஒரு நிமிட மௌனம் நேரவே இல்லை. மருத்துவரோ ஒரு நோயாளியோடு ஐந்து நிமிடம் பேசுவார்.

காரணத்தைக் காட்டிக்கொடுத்தது அணுகல் பதிவுதான். வெப்சாக்கெட் கோரிக்கை ஒன்றின் வரியை என்ஜின்எக்ஸ் அந்த இணைப்பு முடிந்த பிறகுதான் பதிவில் எழுதும். ‘லாக்_ஃபார்மேட்’ கட்டளையில் ‘$ரிக்வெஸ்ட்_டைம்’ என்பதைச் சேர்த்துவிட்டுப் பார்த்தேன். இணைந்த பின் ஒரு செய்தியும் வராத இணைப்புகளுக்கு நேராக, 101 என்ற நிலைக்குறிக்குப் பக்கத்தில், 60 விநாடியை ஒட்டிய எண்களே வரிசையாக நின்றன. தற்செயலாக அறும் இணைப்புகள் அவ்வளவு ஒழுங்காக அறுவதில்லை. அன்றிலிருந்து எந்த அமைப்பைத் தொட்டாலும் இந்த மாறியை முதலிலேயே பதிவில் சேர்த்துவிடுகிறேன்.

தீர்வு இரண்டு பகுதிகள் கொண்டது. காலவரம்பை 300 விநாடி போல உயர்த்துவது முதல் பகுதி. ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. சிலர் ஒரு நாள் அளவுக்கு உயர்த்திவிடுவார்கள். அப்படிச் செய்தால் உயிரில்லாத இணைப்புகளும் நாள் முழுவதும் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். சரியான பகுதி, செயலி தானே அவ்வப்போது ‘பிங்’ அனுப்புவது. வெப்சாக்கெட் நெறிமுறையிலேயே பிங், பாங் என்ற சிறு சட்டகங்கள் உண்டு. சர்வர் பிங் அனுப்பினால் உலாவி தானாகவே பாங் திருப்பும், பக்கத்தில் ஒரு வரியும் எழுத வேண்டியதில்லை. எதிர்த்திசையில் அப்படி முடியாது. உலாவியின் வெப்சாக்கெட் இடைமுகத்தில் பிங் அனுப்ப வழியே இல்லை. வெப்சாக்கெட் நூலகமான சாக்கெட்.ஐஓ தன் முன்னிருப்பிலேயே 25 விநாடிக்கு ஒரு முறையும், பைத்தானின் ‘வெப்சாக்கெட்ஸ்’ நூலகம் 20 விநாடிக்கு ஒரு முறையும் பிங் அனுப்புகின்றன. நோட்.ஜேஎஸ் உலகில் பரவலாகப் பயன்படும் ‘டபிள்யூஎஸ்’ நூலகத்தில் அதை நாமே எழுத வேண்டும். 30 விநாடி இடைவெளி நல்ல அளவு. என்ஜின்எக்ஸுக்கு முன்னால் வேறு ஏதேனும் அடுக்கு இருந்தாலும் அது காப்பாற்றும். அமேசானின் பயன்பாட்டுச் சுமைப் பகிர்வியின் முன்னிருப்புக் காலவரம்பும் 60 விநாடிதான். நீங்கள் என்ஜின்எக்ஸில் எவ்வளவு உயர்த்தினாலும் அங்கே அறுந்துவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் இணைப்பு என்றாவது அறுந்தே தீரும். ஆகவே பக்கத்தின் நிரலில் மறுஇணைப்புக்கு வழி இருக்க வேண்டும். முதல் முயற்சி ஒரு விநாடியில், அடுத்தது இரண்டில், பிறகு நான்கில் என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போவதோடு, கொஞ்சம் தற்செயல் தாமதத்தையும் கலக்க வேண்டும். இல்லாவிட்டால் சர்வர் மீண்டும் எழும்போது ஆயிரம் உலாவிகள் ஒரே நொடியில் வந்து மோதும். மீண்டும் இணைந்ததும் தற்போதைய நிலையை முழுமையாகக் கேட்டு வாங்குங்கள். டோக்கன் திரையில் நான் அதைச் செய்திருந்தால், இணைப்பு அறுந்திருந்தாலும் திரை சில விநாடிகளில் சரியான எண்ணைக் காட்டியிருக்கும்.

டிஎல்எஸ் சேர்ப்பது

லெட்ஸ் என்க்ரிப்ட் தரும் இலவசச் சான்றிதழை செர்ட்பாட் கருவி மூலம் பெறலாம். அதன் என்ஜின்எக்ஸ் செருகுநிரலை நிறுவி, டொமைன் பெயரைக் கொடுத்து ஓட்டினால், 443 க்கான வரிகளை அதுவே கோப்பில் சேர்த்துவிடும். புதுப்பித்தலையும் தானாகவே பார்த்துக்கொள்ளும். டிஎல்எஸ் என்ஜின்எக்ஸோடு முடிந்துவிடுகிறது. செயலியோடு பேசும் வரி மாற வேண்டியதில்லை.

மாற வேண்டியது பக்கத்தின் நிரல். எச்டிடிபிஎஸ் வழியாகத் திறந்த பக்கத்திலிருந்து ‘டபிள்யூஎஸ்://’ என்ற மறைகுறியாக்கமற்ற முகவரியைத் திறக்க உலாவி அனுமதிக்காது. ‘டபிள்யூஎஸ்எஸ்://’ என்று இருக்க வேண்டும். முகவரியை நிரலில் கையால் எழுதி வைக்காமல், பக்கம் வந்த நெறிமுறையைப் பார்த்து உருவாக்கும்படி செய்வதே நல்லது. என்ஜின்எக்ஸில் எச்டிடிபி 2 ஐ இயக்கியிருந்தாலும் கவலை வேண்டாம். வெப்சாக்கெட்டுக்காக உலாவி எச்டிடிபி 1.1 இல் தனி இணைப்பைத் திறந்துகொள்ளும்.

சோதித்துப் பார்ப்பது

‘என்ஜின்எக்ஸ் -டி’ கட்டளையால் கோப்பின் இலக்கணத்தைச் சரிபார்த்த பிறகே ‘ரீலோடு’ செய்ய வேண்டும். பிறகு உலாவியின் நிரலாளர் கருவியில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், வெப்சாக்கெட் கோரிக்கையை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். நிலைக்குறி 101 ஆக இருக்க வேண்டும். செய்திகள் பகுதியில் மேலும் கீழும் அம்புக்குறிகளோடு தரவு ஓட வேண்டும். முனையத்தில் கர்ல் என்ற கட்டளைக் கருவியைக் கொண்டு சோதிப்பவர்கள், எச்டிடிபி 1.1 ஐக் கட்டாயமாக்கும் விருப்பத்தைச் சேர்க்க மறக்கக் கூடாது; எச்டிடிபிஎஸ் முகவரியில் கர்ல் எச்டிடிபி 2 க்குத் தாவிவிட்டால் அப்கிரேட் ஹெடருக்குப் பொருளே இல்லாமல் போகும்.

101 வராவிட்டால், அதே கோரிக்கையைப் புராக்ஸியைத் தவிர்த்து நேரடியாக 127.0.0.1:3000 க்கு அனுப்பிப் பாருங்கள். அங்கே 101 வந்து வெளியே வரவில்லை என்றால் குறை என்ஜின்எக்ஸ் கோப்பில். அங்கேயும் வரவில்லை என்றால் செயலியில். 502 என்றால் செயலி ஓடவில்லை அல்லது போர்ட் தவறு. ரெட் ஹாட் வகைச் சர்வர்களில் எல்லாம் சரியாக இருந்தும் 502 வந்து, பிழைப் பதிவில் அனுமதி மறுப்பு என்று எண் 13 தெரிந்தால், எஸ்ஈலினக்ஸ் என்ற பாதுகாப்பு அடுக்கு தடுக்கிறது என்று பொருள். ‘எச்டிடிபிடி_கேன்_நெட்வொர்க்_கனெக்ட்’ என்ற அனுமதியை இயக்க வேண்டும். உலாவியில் 1006 என்ற மூடுகுறி தெரிந்தால், முறையாக விடைபெறாமல் இணைப்பு அறுந்தது என்பதைத் தவிர வேறு செய்தி அதில் இல்லை; இரு பக்கத்துப் பதிவுகளையும்தான் பார்க்க வேண்டும்.

கூட்டம் பெருகும்போது

வெப்சாக்கெட் இணைப்பு ஒவ்வொன்றும் என்ஜின்எக்ஸில் இரண்டு இடங்களைப் பிடிக்கிறது: உலாவி பக்கம் ஒன்று, செயலி பக்கம் ஒன்று. டெபியன், உபுண்டு தொகுப்புகளின் அமைப்புக் கோப்பில் ‘வொர்க்கர்_கனெக்‌ஷன்ஸ்’ 768 என்று இருக்கும். ஒரு வொர்க்கருக்கு, அதாவது இணைப்புகளைக் கையாளும் ஒரு என்ஜின்எக்ஸ் செயல்முறைக்கு, 384 பேரைத் தாண்ட முடியாது என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அதை உயர்த்தும்போது திறந்த கோப்புகளின் வரம்பான ‘வொர்க்கர்_ஆர்லிமிட்_நோஃபைல்’ எண்ணையும் கூடவே உயர்த்த வேண்டும். இன்னும் பெரிய அளவில், லினக்ஸ் வெளிச்செல்லும் இணைப்புகளுக்கு 32768 முதல் 60999 வரையிலான போர்ட்டுகளையே பயன்படுத்துகிறது. ஒரே செயலி முகவரிக்கு 28,232 இணைப்புகளோடு அது தீர்ந்துவிடும். அந்த எல்லையை நெருங்குபவர்கள் போர்ட் எண் இல்லாமல் கோப்பு வழியாகப் பேசும் யுனிக்ஸ் சாக்கெட்டுக்கு மாறலாம், அல்லது செயலியைப் பல போர்ட்டுகளில் ஓட்டலாம்.

செயலியின் பல பிரதிகள் ஓடும்போது சாக்கெட்.ஐஓ போன்றவற்றுக்கு, ஒரே ஐபி முகவரியிலிருந்து வருபவற்றை ஒரே பிரதிக்கு அனுப்பும் ‘ஐபி_ஹேஷ்’ தேவைப்படும், ஏனெனில் அது முதலில் சாதாரண எச்டிடிபி கோரிக்கைகளால் பேசத் தொடங்குகிறது. அவை எல்லாம் ஒரே பிரதிக்குப் போக வேண்டும். வெறும் வெப்சாக்கெட்டுக்கு அது தேவையில்லை. ஆனால் ஒரு பிரதியில் வந்த செய்தியை மற்றப் பிரதிகளில் உள்ளவர்களுக்குக் கொண்டு சேர்க்க ரெடிஸ் போன்ற, பிரதிகளுக்கிடையே செய்தி கடத்தும் மென்பொருள் ஒன்று வேண்டும். அதை என்ஜின்எக்ஸ் செய்யாது.

ரீலோடு செய்யும்போது பழைய வொர்க்கர்கள் தம்மிடம் உள்ள இணைப்புகள் முடியும்வரை விலகுவதில்லை. வெப்சாக்கெட்டுகள் நாள்கணக்கில் நீடிப்பதால், அடிக்கடி அமைப்பை மாற்றும் சர்வரில் பழைய வொர்க்கர்கள் குவிந்து நினைவகத்தைத் தின்பதைச் செயல்முறைப் பட்டியலில் காணலாம். ‘வொர்க்கர்_ஷட்டவுன்_டைம்அவுட்’ கட்டளைக்குச் சில நிமிடங்கள் கொடுத்துவிட்டால், அதன்பின் அவை மூடப்படும். உலாவிகள் மறுஇணைப்பால் புதிய வொர்க்கரிடம் வந்து சேரும்.

பாதுகாப்பில் இரண்டை மட்டும் வலியுறுத்த விரும்புகிறேன். ஒரு தளத்தின் பக்கம் வேறு தளத்தின் வெப்சாக்கெட்டைத் திறப்பதை உலாவி தடுப்பதில்லை. குக்கியையும் சேர்த்து அனுப்பக்கூடும். ஆகவே கோரிக்கை எந்தத் தளத்தின் பக்கத்திலிருந்து வந்தது என்று சொல்லும் ‘ஆரிஜின்’ ஹெடரைச் செயலியில் சரிபார்த்தே ஆக வேண்டும். மேலும், நெடுநாள் செல்லுபடியாகும் அடையாளச் சாவியை வெப்சாக்கெட் முகவரியின் கேள்விக்குறிக்குப் பின் வைக்காதீர்கள். என்ஜின்எக்ஸ் அணுகல் பதிவில் முழு முகவரியும் அப்படியே எழுதப்படும்.

எல்லாம் முடிந்ததும், பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு, ஐந்து நிமிடம் எதையும் தொடாமல் விடுங்கள். பிறகு வேறொரு கணினியிலிருந்து ஒரு செய்தியை அனுப்புங்கள். அது வந்து சேர வேண்டும். அடுத்து, பக்கம் திறந்திருக்கும்போதே செயலியை நிறுத்தி, அரை நிமிடம் கழித்து மீண்டும் ஓட்டுங்கள். பக்கத்தைப் புதுப்பிக்காமலே புதிய எண் திரைக்கு வர வேண்டும். மருத்துவமனைத் திரையை இரண்டாம் முறை மாட்டியபோது, முதல் நோயாளி வருவதற்கு முன் இந்த இரண்டையும் அங்கேயே, அந்தத் திரையிலேயே செய்து பார்த்தேன்.